எது சர்க்கரை? உடுமலை, மறையூர், மூணாறு பயணக் குறிப்புகள்

ஜனவரி 8, வியாழன். பழனி, உடுமலை

பொங்கலுக்கு வெல்லம் வாங்க, கேரள மலையூரான மறையூர் வரைக்கும் போக வேண்டும் என்பது அக்காவின் பல வருட ஆசை. எனக்கு அந்த ஊரின் வெல்ல ஆலைகளைப் பார்க்க வேண்டும். மதுரையில் கிளம்பி மதியத்துக்குள் பழனி வந்துவிட்டோம். அடிவாரம் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். மலையேறவில்லை. கீழேயே ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு, வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு விரல் தொட்டுச் சாப்பிட்டோம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, ஏலக்காய், கற்கண்டு. தேவஸ்தானம் இதற்கான நாட்டுச் சர்க்கரையைக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் எடுப்பது வழக்கம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். அதே வருடம்தான் மறையூர் வெல்லத்துக்கும் கிடைத்தது. அதைப் பற்றி அந்த ஊர் வந்ததும் எழுதுகிறேன்.

சாயங்காலம் உடுமலை. பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை. அக்கா, "அண்ணே, சீனி கம்மியா ஒரு டீ" என்றாள். கடைக்காரர் உள்ளே திரும்பி, "சர்க்கரை கம்மி ஒண்ணு, சாதா ஒண்ணு" என்று குரல் கொடுத்தார். மதுரையில் சீனி, கொங்கு நாட்டில் சர்க்கரை. சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர், பொருள் மாறவில்லை, பேர் மாறிவிட்டது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் சேர்ந்துகொண்டார். "எங்கப்பா காலத்துல அஸ்கான்னு சொல்லுவாங்க. வெள்ளையா, பொடியா வர்றதுக்கு மட்டும் அந்தப் பேரு" என்றார்.

அஸ்கா என்பது ஊர்ப் பெயர். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கிறது. 1936 வரை கஞ்சம் சென்னை மாகாணத்தோடுதான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நடந்த ஆலையிலிருந்து வெள்ளைச் சர்க்கரை தெற்கே வந்தது, ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டுவந்தது. சீனியும் அப்படி ஊரால் வந்த பெயர்தான், சீனத்துச் சரக்கு என்று பொருள். வடக்கே பெரிய கட்டியாக வருவதை மிஸ்ரி என்பார்கள். மிஸ்ர் என்றால் எகிப்து. வெள்ளையாக வந்ததை எல்லாம் எங்கிருந்தோ வந்தது என்று நம் ஜனங்கள் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சர்க்கரை மட்டும் இதில் சேராது. அந்தப் பேர் முதலில் பழுப்பு நிறச் சரக்குக்கு உரியது. சர்க்கரைப் பொங்கலில் வெள்ளைச் சீனியைக் கொட்டுகிறவர் யாராவது உண்டா? "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று பழமொழி சொன்னபோது, இன்றைய ராட்சத ஆலைகள் எதுவும் இல்லை. கரும்பைப் பிழிகிற செக்குதான் ஆலை. வெள்ளை வந்து பெயரை எடுத்துக்கொண்டது, பழையது 'நாட்டுச் சர்க்கரை' ஆனது. நாட்டுக்கோழி, நாட்டு மாடு, நாட்டுத் தக்காளி என எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புதிதாக வந்தவன் வெறும் பெயரோடு நிற்பான், வீட்டுக்காரன் 'நாட்டு' என்று அடையாள அட்டை காட்ட வேண்டும். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ராத்திரி தோசையும் கத்தரிக்காய்க் கொத்சும். இரண்டு பேருக்கு 140 ரூபாய். நல்ல காற்று.

ஜனவரி 9, வெள்ளி. சின்னாறு வழி மறையூர்

ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி அரை மணி நேரம் இருக்கும், பேருந்து ஒரு முனகலோடு நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாம். வேறு வண்டியில் பெல்ட் வர வேண்டும். நடத்துநர் முதலில் சொன்னது, "யாரும் புதர்ப் பக்கம் போகாதீங்க. ஆனை நடமாட்டம் இருக்கு."

கேரளம் என்றதும் மழையும் பச்சையும் நினைவுக்கு வருகிறவர்களுக்குச் சின்னாறு வேறொரு நாடு. மலைத்தொடரின் மழைமறைவுப் பக்கம் இது. முள்மரங்கள், கள்ளி, காய்ந்த புல், வெளிறிய பாறை. தை பிறக்கப் போகிற நேரத்திலும் பதினோரு மணி வெயில் கொளுத்தியது. கீழே பாம்பாறு சின்னதாக ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கே பாய்கிற மூன்று ஆறுகளில் இது ஒன்று. சின்னாற்றோடு சேர்ந்து அமராவதியாகி உடுமலைப் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. நாங்கள் நேற்று பார்த்த கரும்புக்கும் நாளை பார்க்கப் போகிற கரும்புக்கும் ஒரே தண்ணீர்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தோம். முன் சீட்டில் தொடுபுழைக்காரக் குடும்பம் ஒன்று. பழனிக்குப் போய்விட்டு மறையூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வீட்டு அம்மச்சி ஒரு தூக்குச்சட்டியைத் திறந்து, யாரையும் கேட்காமல் சுற்றியிருந்த எல்லோருக்கும் இலையடை கொடுத்தார். வாழையிலையில் அரிசி மாவைத் தட்டி, உள்ளே தேங்காய்ப் பூவும் வெல்லமும் வைத்து மடித்து அவித்தது. இலையின் வாசனை மாவில் ஏறியிருந்தது. அக்கா கை நீட்டத் தயங்கியபோது, "கழிக்கு மோளே" என்று கையில் திணித்துவிட்டார்.

பேரப்பிள்ளை வெயிலில் சிணுங்கிக்கொண்டே இருந்தான். அம்மச்சி அவனை, "சக்கரே, சக்கரக்குட்டீ" என்று கொஞ்சிக்கொண்டே விசிறினார். நம் வீடுகளில் செல்லம், கட்டி, சர்க்கரைக்கட்டி என்போமே, அதேதான். அக்கா கேட்டாள், "உள்ள என்ன வெச்சீங்க, வெல்லமா?" அம்மச்சிக்குப் புரிந்தது. "அதே, சர்க்கர" என்றார். சக்கர என்று சொன்னால் அவர்கள் ஊரில் பனை வெல்லமாகவும் இருக்கலாமாம். "சக்கரக்குடத்தில் கையிட்டால் நக்காத்தவருண்டோ" என்று ஒரு பழமொழியும் சொன்னார். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் கேட்பதை அவர்கள் வெல்லப் பானையை வைத்துக் கேட்கிறார்கள்.

பெல்ட் வந்தது. மறையூரில் இறங்கும்போது மணி மூன்று. பசி. சாப்பாட்டுக் கடையில் கப்பையும் மீன்கறியும்தான் மிச்சம், 110 ரூபாய். அடித்து மசித்த கிழங்கு, புளிப்பும் காரமுமாகச் சிவப்புக் குழம்பு. அக்கா மீன் சாப்பிட மாட்டாள். அதைக் கவனித்த பரிமாறும் பெண் கேட்காமலே ஒரு கிண்ணம் மோர் கொண்டுவந்து வைத்தாள். பில்லில் அது இல்லை.

அப்புறம் காப்பி. உடுமலையில் கற்ற பாடத்தோடு அக்கா, "சர்க்கரை கம்மியா" என்றாள். வந்தது கருங்காப்பி, வெல்லம் கரைத்தது, சுக்கு வாசனையோடு. கடைக்காரர் நல்ல தமிழில் விளக்கினார். "இங்க சர்க்கரைன்னா இதுதான்க்கா. வெள்ளை வேணும்னா பஞ்சசாரன்னு கேக்கணும்." அக்கா அந்தக் காப்பியையே குடித்தாள், இன்னொன்றும் கேட்டாள். 15 ரூபாய்.

மலையாளம் இந்த ஒரு சொல்லில் நம்மைவிட நேர்மையாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளை வந்தபோது அதற்குப் பஞ்சசார என்று தனிப்பெயர் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். சர்க்கர அதன் பழைய ஆளிடமே இருக்கிறது. கடைப்பலகை, கோயில் பாயசம், ஓணத்துச் சர்க்கர உப்பேரி எல்லாம் பழுப்புதான்.

ஜனவரி 10, சனி. மறையூர், ஆலைப்புரை

விடிகாலையில் குளிர், ஸ்வெட்டர் போதவில்லை. ஊரைத் தாண்டியதும் காந்தளூர்ச் சாலையின் இரு பக்கமும் கரும்பு. நடுநடுவே புகை எழும்பும் இடமெல்லாம் ஆலைப்புரை, வெல்லம் காய்ச்சும் கொட்டகை. ஒன்றில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டோம். தலையில் துண்டு கட்டிய பெரியவர், "வாங்க, அடுப்புப் பக்கம் மட்டும் பாத்து நில்லுங்க" என்றார். அவர் அஞ்சுநாட்டுக்காரர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து கிராமங்களைத்தான் அஞ்சுநாடு என்கிறார்கள். வீட்டுப் பேச்சு தமிழ், கடை கணக்கு மலையாளம்.

நாலு பக்கமும் திறந்த கொட்டகை. ஒரு மூலையில் மோட்டார் போட்ட ஆலை. இரண்டு பேர் கரும்பைக் கொடுக்க, மறுபக்கம் சக்கை விழுகிறது, சாறு துணியில் வடிந்து தொட்டிக்கு ஓடுகிறது. கரும்பு ஆலையின் சத்தத்தை யானையின் பிளிறலோடு சேர்த்துப் பாடிய சங்கப் பாட்டு ஒன்று உண்டு. மோட்டாருக்கு அந்தக் குரல் இல்லை. ஆனால் யானை மட்டும் இன்னும் இருக்கிறது. ராத்திரியில் கரும்புக்காட்டுக்கு வந்துவிடுமாம், காவல் இருக்கிறார்கள்.

தரையைத் தோண்டி வைத்த அடுப்பின் மேல் கொப்பரை, கைகளை விரித்தாலும் எட்டாத அகலம். எரிப்பது காய்ந்த சக்கையைத்தான், வேறு விறகு கிடையாது. ஒருவர் குனிந்து வாயில் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். அவர் முகம் முழுக்க வியர்வை, முதுகில் பனிக்காற்று. சாறு கொதிக்கத் தொடங்கியதும் துளி சுண்ணாம்பு சேர்த்தார்கள். அழுக்கெல்லாம் நுரையாக மேலே திரள, நீளக் கரண்டியால் அதை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்கள். முதலில் புல் வாசனை. அப்புறம் வேகவைத்த சோளம். ஒன்றரை மணி நேரம் போனதும் வெல்ல வாசனை தெருவரைக்கும் போனது.

மூன்று மணி நேரம் ஆகும் ஒரு கொப்பரைக்கு. கடைசிக் கால் மணி நேரத்தில் பெரியவர் யாரோடும் பேசவில்லை. குச்சியை விட்டு எடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் சொட்ட விட்டு, விரலால் உருட்டிக் கிண்ணத்தின் விளிம்பில் எறிந்தார். முதல் தடவை சப்பென்று ஒட்டியது. கொஞ்ச நேரம் கழித்து எறிந்தபோது 'டக்' என்றது. "இறக்கு" என்று ஒரு சத்தம். நாலு பேர் கொப்பரையைச் சாய்க்க, தங்க நிறப் பாகு மரத்தொட்டியில் இறங்கியது.

துடுப்பால் கிளறக் கிளற அது கண்ணெதிரே மாறியது. பளபளப்பு மங்கி, ஓரத்தில் பொடிப் பொடியாகக் கட்டத் தொடங்கியது. பெரியவர் ஒரு கிள்ளு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், சூடு பொறுக்க முடியவில்லை. கட்டை விரலால் தேய்த்தேன். நறநறவென்று இருந்தது.

இந்த நறநறப்புதான் பெயருக்குக் காரணம். சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் சரளைக்கல், பொடிக்கல். பாகு ஆறும்போது கல்லுக் கல்லாகக் கட்டுகிறதே, அதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். அது பாரசீகத்தில் ஷக்கர் ஆனது, அரபியில் சுக்கர். அரேபியர் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கரும்பையும் சொல்லையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். ஸ்பானியர் முன்னால் இருந்த 'அல்' என்ற அரபிச் சுட்டையும் விடாமல் அஸூக்கர் என்கிறார்கள். இத்தாலியில் ஸுக்கேரோ, பிரான்சில் சூக்ர், ஜெர்மனியில் ட்ஸுக்கர், ஆங்கிலத்தில் சுகர். கிரேக்கத்துக்கு இன்னும் முன்பே சாக்கரோன் என்று போய்விட்டது. சிந்து வரை வந்த அலெக்சாண்டரின் கடற்படைத் தளபதி நியார்க்கஸ், தேனீ இல்லாமல் தேன் தரும் நாணல் இந்தியாவில் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னார். சீனர்கள் இன்றும் ஷாதாங் என்கிறார்கள், மணல் சர்க்கரை என்று பொருள். 647இல் தாங் வம்சப் பேரரசர் தாய்சோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார். நம்மிடம் கற்றுப் போனவர்களின் நாட்டுப் பெயரிலேயே நாம் சீனி வாங்குகிறோம்.

சொல்லுக்கு இன்னொரு பாதையும் உண்டு. அது இந்த மலைக்கு மேற்கே, கடற்கரையிலிருந்து கிளம்பியது. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்த்துக்கீசியர் இங்குள்ளவர்கள் சக்கர என்றதைக் கேட்டு ஜாகரா என்றார்கள். ஆங்கிலேயர் அதை ஜாகரி ஆக்கினார்கள். ஆக, ஆங்கிலத்தில் சுகர், ஜாகரி இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று பாரசீகம், அரபு வழியாகத் தரையிலும் கடலிலும் ஆயிரம் வருடம் சுற்றிப் போய்ச் சேர்ந்தது, மற்றது மலபாரில் கப்பலேறி நேராகப் போனது. இலங்கையில் சிங்களர் வெல்லத்தை ஹகுரு என்பதும் இதே சர்க்கராதான், சகரம் ஹகரமாகிவிட்டது. வெல்லம் என்ற சொல் மட்டும் நம்முடையது. தெலுங்கில் பெல்லம், கன்னடத்தில் பெல்ல.

இதையெல்லாம் நான் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பெரியவரும் கேட்டார். தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து உருட்டத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி. கையை நனைத்து, சூட்டோடு ஒரு பிடி எடுத்து, இரண்டு அமுக்கு, ஒரு சுழற்று. உருண்டை மேல் விரல்தடம் அப்படியே பதிந்து நிற்கிறது. அச்சு கிடையாது. அந்தப் பெண்களின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

பெரியவர் சொன்னார்: "சொல்லு எங்கெங்க போச்சுன்னு நீங்க சொல்றீங்க. எங்களுக்கு இங்கயே பிரச்சினை. கீழே இருந்து மஞ்ச வெல்லம் லோடு லோடா வருது. ரோட்டோரக் கடையில மறையூர்ச் சர்க்கரைன்னு எழுதி வெக்கிறாங்க. பேரு எங்களது, சரக்கு வேற ஊரு."

2019இல் கிடைத்த புவிசார் குறியீடு இதற்காகத்தான். மறையூர், காந்தளூர் பஞ்சாயத்துகளில் விளைந்த கரும்பை இங்கேயே காய்ச்சினால் மட்டும் அந்தப் பெயர். ஆனால் ரோட்டோரத்தில் யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பது அவர் கேள்வி. ஒரு டன் கரும்புக்கு ஏறத்தாழ நூறு கிலோ வெல்லம்தான் கிடைக்கும். வெட்டுக்கூலி, ஆலைக்கூலி, மின்சாரம் எல்லாம் போக, வெளுப்பதற்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்ட மஞ்சள் வெல்லத்தோடு விலையில் போட்டி போட வேண்டும். வெல்லம் வெளுப்பாக இருந்தால்தான் சுத்தம் என்று நினைப்பது நாம்தான், மதுரைக் கடைகளில் நானே தினம் கேட்கிற பேச்சு அது. கருத்த உருண்டையை ஒதுக்கிவிட்டு மஞ்சள் அச்சை எடுப்பார்கள்.

எங்களுக்குக் கிலோ 100 ரூபாய் என்று கொடுத்தார். அக்கா பேரம் பேசவில்லை. சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்ட உருண்டை தனி, அது 160. அப்போது அங்கே வந்த ஒரு காரில் இருந்தவர், "இது சுகர் இருக்கிறவங்களும் சாப்பிடலாமே?" என்று கேட்டார். பெரியவர் சிரிக்காமல், "சர்க்கரை சர்க்கரைதான் சாரே, டாக்டரைக் கேட்டுக்குங்க" என்றார். அவர் சொன்னது சரி. இரும்புச்சத்து கொஞ்சம் இருக்கிறது என்பதற்காக ரத்தத்தில் ஏறுவது குறையாது. விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

மாலை கோவில்கடவு வரை நடந்தோம். பாறை மேல் முனியறைகள், கல்லைப் பலகையாக நிறுத்தி மேலே மூடிய பெருங்கற்காலத்து அறைகள். காற்று தள்ளியது. அதிக நேரம் நிற்க முடியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு. காந்தளூர்

ஜீப்புக்காரர் கேட்டது அநியாய விலை. சரி என்று ஏறினோம், வேறு வழியில்லை. மேலே போகப் போக மூடுபனி. ஆப்பிள் காய்க்கும் பருவம் இல்லை, பூண்டு வயல்தான் பார்த்தோம். மதியமே மழைத்தூறல், அறையிலேயே அடைந்து கிடந்தோம்.

அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தங்கிய வீட்டுப் பாட்டி மிளகைத் தட்டி, கற்கண்டோடு சேர்த்துக் கொடுத்து, "வாயில அடக்கிக்க, முழுங்காத" என்றார். அவர்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லுவார்களாம். நாங்கள் மதுரை என்றதும் பாட்டிக்கு எங்கள் மேல் தனி உரிமை வந்துவிட்டது. ராத்திரி களியும் கீரையும் அவர் கையால். காசு வாங்கும்போது சாப்பாட்டுக்கு மட்டும் வாங்க மறுத்தார்.

கற்கண்டில் பாதி வடமொழி. கண்டம் என்றால் துண்டு. பாரசீகத்தில் கந்த், அரபியில் கந்தி, பிரெஞ்சில் சூக்ர் காந்தி, ஆங்கிலத்தில் கேண்டி. நாம் அதோடு கல்லைச் சேர்த்துக்கொண்டோம். மிட்டாய்க் கடையில் பிள்ளைகள் கேண்டி கேட்கும்போது இந்தப் பாட்டியின் டப்பாவில் இருந்ததைத்தான் கேட்கிறார்கள்.

ஜனவரி 12, திங்கள். மூணாறு

மறையூரிலிருந்து ஏற ஏறக் கரும்பு போய்ச் சந்தனமரக் காடு, அது போய்த் தேயிலை. மூணாறில் புல்வெளி வெள்ளையாக உறைந்திருந்ததாகக் காலையில் வந்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் இறங்கியபோது வெயில் வந்திருந்தது, ஆனாலும் விரல் மரத்துப்போனது. எங்கு பார்த்தாலும் வண்டி. அறை வாடகை மறையூரைப் போல இரண்டு மடங்கு.

கடைவீதியில் ஒரு புதிய ஓட்டல். முதலாளி மலைக்குக் கீழேயிருந்து வந்தவர், தமிழ் அவ்வளவாக வராது. புட்டுக்குத் தொட்டுக்கொள்ள அக்கா, "கொஞ்சம் வெல்லம் கிடைக்குமா?" என்றாள். ஒரு பெரிய டம்ளரில் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வந்தது, பதிமுகம் என்ற மரத்துண்டு போட்டுக் காய்ச்சியது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிதண்ணீர். லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள தூரம் சந்தடி நிறைந்த கடையில் காணாமல் போய்விட்டது. குளிருக்கு அந்தத் தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது.

டீ போடுகிற இடத்தில் மீசை அரும்பாத ஒரு பையன். மேற்கு வங்கத்துக்காரன், முர்ஷிதாபாத் என்றான். மலையாளம் பத்து வார்த்தை, தமிழ் சுத்தமாகத் தெரியாது. முதலாளி அவனிடம் பஞ்சசார என்று சொன்னதற்குத் தலையைத் தலையை ஆட்டினான். அக்காவுக்கு மூன்று நாளாகச் சர்க்கரை, சர்க்கர, பஞ்சசார என்று மாற்றி மாற்றிச் சொல்லிச் சலித்துப் போயிருந்தது. நேராக அவனிடம் போய் வீட்டில் பேசுகிற மாதிரியே, "தம்பி, சீனி கம்மி" என்றாள்.

பையன் முகம் மலர்ந்துவிட்டது. "சினி கொம்! ஹா, ஹா, சினி கொம்" என்றான்.

வங்காளத்தில் சினி என்றால் வெள்ளைச் சர்க்கரை, கொம் என்றால் குறைவு. நம் கம்மியும் அவன் கொம்மும் பாரசீகத்துச் சரக்கு. மதுரைப் பெண்ணும் முர்ஷிதாபாத் பையனும், இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டர், ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்துகொண்டார்கள். அவன் அம்மாவும் இப்படித்தான் டீ கேட்பாள் என்று இந்தியில் சொன்னான், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவ்வளவு புரிந்தது. ஊரை விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறதாம். அக்கா பையைத் திறந்து ஒரு மறையூர் உருண்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். முகர்ந்து பார்த்து, "குட்" என்றான். வங்காளத்தில் வெல்லத்துக்குப் பெயர் குட். இந்த மாதத்தில் அவர்கள் ஊரில் பேரீச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சிப் புது வெல்லம் எடுக்கிற பருவம். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். முதலாளியைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

ஜனவரி 13, செவ்வாய். போடி

பூப்பாறை வழியாகப் போடிமெட்டு. ஏலக்காய் வாசனை ஜன்னல் வழியே வந்துகொண்டே இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பின்சீட்டுப் பிள்ளை வாந்தி எடுத்தது, ஓட்டுநர் பொறுமையாக வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். கீழே இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினோம்.

போடியில் நாளை போகி என்ற பரபரப்பு. கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, மண்பானை. ஒரு கடையில் அட்டைப் பலகை: 'ஒரிஜினல் மறையூர் வெல்லம், கிலோ 65.' குவித்து வைத்திருந்தது எலுமிச்சை மஞ்சளில் அச்சு வெல்லம். அக்கா பையிலிருந்து எங்கள் உருண்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். கடைக்காரர் இரண்டையும் பார்த்தார். "பேரு போட்டாத்தான்க்கா விக்குது" என்றார். கோபப்படவில்லை. நாங்களும் சண்டை போடவில்லை. ஆனால் அக்கா, "அந்த ஊர்ல மூணு மணி நேரம் அடுப்புல நிக்கிறாங்கண்ணே. உங்க சரக்கு எந்த ஊரோ அந்தப் பேரையே எழுதுங்க. அதுவும் கரும்புதானே" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. பலகையும் அப்படியே இருந்தது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மறையூர்ச் சரக்கு கையால் உருட்டியது, மேலே விரல்தடம் இருக்கும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நிறம் அடர்ந்த பழுப்பு. நுனி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்காது. சதுரமாகவோ கிண்ண அச்சிலோ மஞ்சளாக இருந்தால் அது வேறு ஊர். மழைக்காலத்தில் நீர்விடும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். எங்கே காய்ச்சியது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.